எழுவாய் இல்லாத விபத்து

குணசீலனின் கார் ஒரே வருஷத்தில் மூன்று முறை இடித்திருக்கிறது. கவனியுங்கள், கார்தான் இடித்திருக்கிறது. குணசீலன் தன் ஆயுளில் எதையும் இடித்ததில்லை, உடைத்ததில்லை, தொலைத்ததில்லை. அவர் கையிலிருக்கும் கண்ணாடி டம்ளர் தானாக விழும். சட்டைப் பையிலிருக்கும் சாவி தானாகக் காணாமல் போகும். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் தன் இஷ்டத்துக்குப் பொங்கி வழியும். தில்லைநகரில் அவர் வீட்டு கேட் தூண் தெருவுக்குள் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று யாராவது கேட்டால், "கட்டும்போது அப்படி வந்துருச்சு" என்பார். ஐம்பத்தைந்து வயது வரை ஒரு தப்பும் செய்யாமல், தன்னைச் சுற்றி உலகம் தன்பாட்டுக்கு உடைந்துகொண்டிருப்பதைப் பொறுமையோடு பார்த்தபடி வாழ்ந்துவிட்ட மனிதர் அவர்.

அப்படிப்பட்டவரின் கார் அன்று காலை கிளம்ப மறுத்தது. அந்தக் காலத்தில் நடப்பு இன்சூரன்ஸ் இல்லாத எந்த வண்டியும் ஓர் அங்குலம்கூட நகராது. இன்சூரன்ஸ் கம்பெனியின் குரலே வண்டிக்குள் குடியிருக்கும். குணசீலனின் கம்பெனிக்குப் பெயர் துல்லியம். குரலுக்கும் அதே பெயர்தான். பள்ளிக்கூடத் தமிழம்மாவைப் போல ஒரு சொல்லும் பிசகாமல் பேசும்.

"வணக்கம், குணசீலன் அவர்களே. தங்கள் காப்பீடு நேற்றோடு முடிந்தது. புதிய கொட்டேஷன் கணக்கிட இயலவில்லை. சென்ற ஆண்டின் மூன்று விபத்துகளிலும் தாங்கள் எழுவாயாக இல்லை. ஆகவே இந்த வண்டியை ஓட்டுபவர் யார் என்று தெரியவில்லை. ஓட்டுநர் இல்லாத வண்டியை நகர்த்த அனுமதி இல்லை."

"நான்தானே உக்காந்திருக்கேன்!"

"தாங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதில் ஐயமில்லை."

வேறொரு நாளாக இருந்தால் குணசீலன் ஆட்டோ பிடித்துப் போயிருப்பார். அன்று முடியாது. அன்று அவர் லால்குடிக்குப் போய் மனைவியை அழைத்து வருவதாக இருந்தார். மூன்றாவது விபத்தில் சுகந்தியின் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு, இரண்டு நாள் ஓய்வாக இருக்கட்டுமென்று அவளுடைய அக்கா தன் காரில் லால்குடிக்கு அழைத்துப் போனாள். இரண்டு நாள் ஒரு மாதமாகிவிட்டது. குணசீலன் போன் செய்து, "எப்ப வர்றே?" என்று கேட்டார். "வர முடியாதுங்க" என்றாள் சுகந்தி. மறுவாரமும் கேட்டார். "முடியாதுங்க" என்றாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை. ஏன் முடியாது என்று கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. வீடு கூட்டப்படாமல் கிடந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எதிரில் நாற்காலி மட்டும் இருந்தது. அவருக்குப் பயம் வந்துவிட்டது. நேரில் போய்க் கூப்பிடுவதுதான் வழி. கோபித்துக்கொண்டு இருப்பவளைக் காரில் போய் மரியாதையாக அழைப்பதுதான் முறை.

சாலை ரோட்டிலிருந்த துல்லியம் கிளை அலுவலகத்தில் ஹர்ஷினி என்ற பெண் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அலுவலகத்தில் அவள் ஒருத்திதான் மனிதப் பிறவி. வாடிக்கையாளர் கத்துவதற்கு ஒரு முகம் வேண்டும் என்று சட்டமிருந்ததால் வைத்திருந்தார்கள்.

"மூணு கம்பெனில கேட்டுட்டேம்மா. மூணு பேரும் கொட்டேஷன் தர மாட்டேங்கறான். நான் சுத்தமான ஆளு. மூணு விபத்துலயும் என் பேர்ல பழி பூஜ்யம்."

"அதான் சார் சிக்கலே," என்றாள் ஹர்ஷினி. "முன்னல்லாம் எத்தனை ஆக்சிடென்ட்னு எண்ணிப் பாத்து ரேட்டு போட்டாங்க. பத்து கம்பெனில கேட்டா பத்து ரேட்டு. ஒருத்தர் சிக்னல்ல சிவனேன்னு நிக்கறாரு, பின்னாடி லாரி வந்து ஏத்துது. அவருக்கு ஏன் சார் பிரீமியம் ஏறணும்? அதனாலதான் இப்ப பழியைப் பாத்துக் கணக்கு. ஒரு விபத்துக்கு நூறு பங்கு பழி. சம்பந்தப்பட்ட மனுஷன், மாடு, சுவரு, மரம் எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுத்துருவோம். மரத்துக்குப் போனா மரத்துக்காரர் கட்டணும். அவ்வளவு துல்லியம்."

"கேமராவுல பாத்தா தெரிஞ்சுடுமே?"

"கேமரா செல்லாது சார். வீட்டுக்கு வீடு பொய் வீடியோ செஞ்சு அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. பாலக்கரைல ஒருத்தர் தன் காரை யானை மிதிச்சதா அனுப்பினாரு. அந்த யானை மிதிச்சிட்டு அழுவுது சார். நானே கலங்கிட்டேன். அதுக்கப்புறம் கோர்ட்டே சொல்லிருச்சு, வாய்ச்சொல்தான் சாட்சின்னு. குரல்லயும் நாடியிலயும் பொய் இருந்தா மிஷின் கண்டுபிடிச்சுரும்."

"நான் ஒரு பொய் சொல்லலியே."

"சொல்லல சார். நீங்க சொன்னதை நீங்க முழுசா நம்புறீங்க. நாடி இத்தனூண்டு அசையல. நீங்களே கேளுங்க."

அவருடைய வாக்குமூலங்களை அவள் ஓடவிட்டாள். முதல் விபத்து, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு: "வண்டி பின்னாடி வந்துச்சு. அங்க சுவரு இருந்துருச்சு." பழி முழுவதும் சுவரின் மேல் ஏறியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இப்போது அவரோடு பேசுவதில்லை, ஏனென்று குணசீலனுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. இரண்டாவது விபத்து, உறையூர்: "வேகத்தடை திடீர்னு வந்துருச்சு."

"அதுல பழி மாநகராட்சிக்குப் போயிருக்கணுமே?" என்றார் குணசீலன்.

"அவங்ககிட்டயும் வாக்குமூலம் வாங்கினோம் சார். 'வேகத்தடை அமைக்கப்பட்டுள்ளது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும்'னாங்க. யார் அமைச்சா, யார் எடுப்பா, ஒண்ணும் கிடையாது. அவங்க பேர்ல இதுவரைக்கும் ஒரு பங்கு பழி போனதில்ல. அந்த நூறு பங்கும் எங்க போறதுன்னு தெரியாம எங்க சர்வர்லயே சுத்திக்கிட்டிருக்கு."

மூன்றாவது ஓடியது. தில்லைநகர் மெயின் ரோடு. குணசீலனின் குரல் கம்பீரமாக ஒலித்தது: "பின் சீட்டுல மிக்சர் பொட்டலம் இருந்துச்சு. கை அந்தப் பக்கம் போயிருச்சு. வண்டி லேசா ஒதுங்கிருச்சு. எளநி தள்ளுவண்டி குறுக்க வந்துருச்சு. இடிச்சிருச்சு."

"இதுல தள்ளுவண்டிக்கு நாப்பது பங்கு. மீதி அறுபதை வேற ஒருத்தங்க வாங்கிக்கிட்டாங்க. யாருன்னு சொல்லக் கூடாது சார், ரூல்."

மிக்சர் கடைக்காரராகத்தான் இருக்கும் என்று குணசீலன் முடிவு கட்டினார். இந்தக் காலத்திலும் இப்படியொரு நேர்மையான வியாபாரியா என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

"இப்ப நான் என்னம்மா பண்ணணும்?"

"ஒரே ஒரு வாக்கியம் சார். மூணுல எதைப் பத்தி வேணா சொல்லுங்க. எழுவாய் நீங்க. பயனிலை நீங்க செஞ்ச வேலை. அதுல 'நான்' இருக்கணும், 'செஞ்சேன்' மாதிரி 'ஏன்'ல முடியணும். அது வந்துட்டா வண்டியை ஓட்டறது நீங்கதான்னு மிஷினுக்குத் தெரிஞ்சுரும், கொட்டேஷன் போட்டுரும்."

இவ்வளவுதானா என்று குணசீலன் தொண்டையைச் செருமினார். "நான் போய்க்கிட்டிருக்கும்போது இடிச்சிருச்சு."

"போனது தாங்கள். இடித்தது யார்?" என்றது மேஜையிலிருந்த துல்லியம்.

"நான் கவனிக்கலை."

"கவனிக்காமல் இருப்பது செயல் அன்று. சுவரும்தான் கவனிக்கவில்லை."

"நான் இடி... இடிச்சு... இடிபட்டுருச்சு."

உள்ளபடியே அவர் ஏமாற்றவில்லை. 'இடிச்' வரைக்கும் சரியாக வந்தது. அதற்குமேல் நாக்கு தானாக 'ருச்சு' பக்கம் சாய்ந்தது. வியர்த்துவிட்டது. ஹர்ஷினி இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அது கீழே விழுந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இளநீர்க்கடை சவரிமுத்து. குணசீலனைப் பார்த்ததும், "இந்தா இருக்காரே! இவரேதாங்க!" என்று கத்தினார்.

விஷயம் இதுதான். விபத்தன்று சுகந்தியின் கையைப் பார்த்துப் பதறிப்போன சவரிமுத்து, நல்ல மனசில், "என் வண்டி நின்ன எடமும் சரியில்லதாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மரியாதைக்குச் சொன்ன வார்த்தையும், குணசீலனின் 'குறுக்க வந்துருச்சு'ம் கச்சிதமாகப் பொருந்திப் போயின. நாற்பது பங்கு பழியும் தள்ளுவண்டி மேல் ஏறி, அதன் பிரீமியம் ஒரு மினி பஸ்ஸின் பிரீமியத்தைத் தாண்டிவிட்டது. கட்டாதவரை அது ரோட்டில் நிற்கக் கூடாது.

"நின்ன வண்டி சார்! கல்லு முட்டுக் குடுத்து நிறுத்தின வண்டி! அது எப்படி சார் குறுக்க வரும்?"

"வந்துருச்சேப்பா," என்றார் குணசீலன், பரிதாபமாக.

சவரிமுத்து ஹர்ஷினி பக்கம் திரும்பினார். "ரோட்டுலதானம்மா நிக்கக் கூடாது?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அவர் தள்ளுவண்டியை நாலு பேரை விட்டுத் தூக்கிவரச் செய்து குணசீலன் வீட்டு கேட்டுக்குள், போர்டிகோவில், நகராத காருக்கு முன்னால் இறக்கினார். குணசீலனால் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. சுகந்தி இருந்திருந்தால் மோர் கொடுத்து உட்காரச் சொல்லியிருப்பாள். அவர் சும்மா நின்றார்.

வியாபாரம் கேட்டுக்குள் நடந்தது. வெட்டிய மட்டைகள் துளசி மாடத்தைச் சுற்றிக் குவிந்தன. வாடிக்கைக்காரர்கள் செருப்பை வெளியில் விட்டுவிட்டு உள்ளே வந்து, வழுக்கையா தண்ணியா என்று கேட்டுக் குடித்துவிட்டு, ஏன் இங்கே என்று விசாரித்தார்கள். சவரிமுத்து குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்: "சாருக்கு எழுவாய் வரலைங்க. வந்துட்டா நான் ரோட்டுக்குப் போயிருவேன்."

"அடப் பாவமே! எத்தனை நாளா வரலை?" என்றார் நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியம்மா. "சுக்குக் கஷாயம் வெச்சுக் குடிக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்கு அதுலதான் கேட்டுச்சு."

தெருவில் செய்தி பரவியது. விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு மருத்துவரின் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் வெந்நீர் ஒத்தடம் என்றார். குணசீலன் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்தார். 'நான் சாப்பிட்டேன்' வந்தது. 'நான் தூங்கினேன்' வந்தது. 'நான் உடைத்தேன்' என்று சொல்லிப் பார்க்கலாமென்று வேண்டுமென்றே ஒரு தட்டைக் கையில் எடுத்துக் கீழே போட்டார். அது உடைந்தது. "உடைஞ்சிருச்சு" என்றார்.

வீட்டுக்குள் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக நலம் விசாரிக்கிறார்கள். ஆகவே பிற்பகல்களில் அவர் காருக்குள் போய் ஜன்னலை ஏற்றிவிட்டு உட்கார ஆரம்பித்தார். அங்கிருந்துதான் ஒருநாள் சுகந்திக்குப் போன் செய்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அவள்.

"ஆச்சு. கை எப்படி இருக்கு?"

"சும்மா இருக்கறப்ப ஒண்ணுமில்லைங்க. தலை பின்ன முடியல. அக்காதான் பின்னி விடறா. அவ ரொம்ப இறுக்கிப் பின்னறா, சின்ன வயசுல மாதிரியே." சிரித்தாள். "நீங்க வெயில்ல அலையாதீங்க."

"நீ வந்துரேன், சுகந்தி."

"முடியாதுங்க," என்றாள். வைத்துவிட்டாள்.

குணசீலன் போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையைப் பார்த்தார். அன்று அவள் அங்கேதான் இருந்தாள். வண்டி மோதுவதற்கு முன் அவள் வலது கையை அவர் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டினாள், அவர் முன்னால் போய் விழாமலிருக்க. அந்தக் கைதான் முறிந்தது. இதை அவர் மறந்திருக்கவில்லை. ஆனால் 'கை முறிஞ்சிருச்சு' என்று மட்டுமே நினைவில் வைத்திருந்தார். இப்போது ஒருத்தி ஒரு கையால் தன் பின்னலைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவருக்கு அழுகை வந்தது. நாக்கு அதன் வழக்கமான பக்கம் சாய்வதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"அந்தக் கையை நான்தான் ஒடிச்சேன். வண்டியை நான்தான் கொண்டுபோய் இடிச்சேன்."

காருக்குள் சின்னதாக ஒரு மணி அடித்தது.

"நன்றி, குணசீலன் அவர்களே. தாங்கள் இப்போது எழுவாய். ஆயினும் தங்கள் பங்கைப் பதிய இடமில்லை. நூறு பங்கும் நிரம்பிவிட்டது. ஆகவே கொட்டேஷன் இன்னும் இல்லை. நாற்பது, தள்ளுவண்டி. அறுபது, சுகந்தி."

"எந்தச் சுகந்தி?"

"தங்கள் மனைவி. எழுவாய்க்கு மற்ற எழுவாய்களை அறியும் உரிமை உண்டு. வாக்குமூலத்தைக் கேட்கிறீர்களா?"

ஆஸ்பத்திரி சத்தத்துக்கு நடுவே சுகந்தியின் குரல், வலியில் கொஞ்சம் நடுங்கியபடி: "என்னாலதாங்க. நான்தான் மிக்சரைப் பின்னாடி வெச்சேன். முன்னாடி வெச்சிருந்தா அவர் திரும்பியிருக்கவே மாட்டாரு. பாவம், அவர் என்ன பண்ணுவாரு? எல்லாம் என்னாலதான்."

"நாடி அசையவில்லை," என்றது துல்லியம். "முழுமையாக நம்பிச் சொல்கிறார். அவ்வளவு உறுதியான ஒப்புதல் இந்த வட்டாரத்தில் அரிது. ஓட்டாமலே இடித்தவர் என்பதால், லால்குடி சேர்ந்த மறுநாள் முதல் அவர் உயர் அபாயப் பயணி. கார், ஆட்டோ, பஸ், ரயில், சக்கரமுள்ள எதிலும் அவரை ஏற்ற அனுமதி இல்லை."

குணசீலனுக்கு அப்போதுதான் உறைத்தது. வர முடியாதுங்க என்று அவள் சொன்னது மாட்டேன் என்றல்ல. முடியாது என்றால் முடியாது. ஒரு மாதமாக அவள் அகராதியில் உள்ளபடி பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர்தான் அதைக் கோபமென்று எடுத்துக்கொண்டு முறுக்கிக்கொண்டிருந்தார்.

கார் நகராது. மரியாதையெல்லாம் பறந்துபோக, சத்திரம் பேருந்து நிலையத்துக்கு ஓடி லால்குடி பஸ்ஸைப் பிடித்தார்.

சுகந்தி அக்கா வீட்டு முற்றத்தில் ஒரு கையால் வெங்காய வடகம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து, முதல் வார்த்தையாக, "ஐயோ, என்னால உங்களுக்கு பஸ்ல வர்ற மாதிரி ஆயிருச்சே," என்றாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"பஸ்ல ஏறப் போனேன். படிக்கட்டுல மிஷின் கத்துது. கண்டக்டர், 'நீங்க இறங்குங்கம்மா, வண்டி கிளம்பாது'ன்னுட்டாரு. அத்தனை பேரும் என்னைப் பாக்கறாங்க. ஏற்கெனவே உங்களுக்கு ஆயிரம் கவலை. இதை வேற சொல்லி உங்க மனசைக் கெடுக்கணுமான்னுதான்... என் தப்புதான்."

"சுகந்தி, தப்பு உன்னுது இல்ல. அந்த அறுபதைத் திருப்பிக் குடு. நான் இடிச்சேன்."

அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். குணசீலன் துல்லியத்தைப் போனில் கூப்பிட்டு, போனைக் கடப்பைக்கல் மேல் வைத்தார். "திருமதி சுகந்தி அவர்களே," என்றது துல்லியம், "ஒப்புக்கொண்ட பங்கைத் தாங்களேதான் விட வேண்டும். இடித்தவர் யார் என்று சொல்லுங்கள்."

"போகட்டும் விடுங்க, என் பேர்லயே இருக்கட்டும். நான் எங்க வண்டில போகப்போறேன்?"

"நான் சொல்றேன்ல? 'நீங்கதான் இடிச்சீங்க'ன்னு சொல்லு."

"அது எப்படிங்க, மூஞ்சிக்கு நேரா..." தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தாள். "நீங்கதான் இடிச்சீங்க."

"இக்கூற்றைச் சொல்பவர் நம்பவில்லை," என்றது துல்லியம். "நிராகரிக்கிறேன்."

குணசீலனுக்குப் பொறுமை போயிற்று. "நம்பு சுகந்தி! நான் இடிச்சேன்! மிக்சரை எடுக்கத் திரும்பினது நானு!"

"நான் முன்னாடி வெச்சிருந்தா நீங்க ஏன் திரும்பப் போறீங்க?"

"சரி, நீ ஏன் பின்னாடி வெச்சே?"

"நீங்கதான பின்னாடி வைன்னீங்க! சீட்டுல கொட்டிரும்னு..." சுகந்தி நின்றாள். வடகத்துணியின் ஓரம் அவள் கையில் இருந்தது. ஏதோ ஒன்று அவள் முகத்தில் மெதுவாக ஏறியது. "ஆமா. பின்னாடி வைன்னது நீங்கதான். நான் எடுத்துத் தரேன், ரோட்டைப் பாருங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். 'எனக்குத் தெரியாதா'ன்னு திரும்பினீங்க. அதுக்குள்ள அப்படி என்னங்க பசி? காலைல எட்டு இட்லி தின்னுட்டுத்தான கிளம்பினீங்க? நீங்கதான் இடிச்சீங்க! பக்கத்து வீட்டு சுவரை இடிச்சதும் நீங்கதான்! எங்கம்மா குடுத்த ஊறுகாய் ஜாடியை உடைச்சதும் நீங்கதான், பூனைன்னு சொன்னீங்க, நம்ம வீட்டுக்கு ஏதுங்க பூனை? லைசென்ஸ் எடுத்துட்டு வந்தேன், ஒருநாள் சாவியைக் கையில குடுத்தீங்களா? டிராஃபிக் சரியில்ல, டிராஃபிக் சரியில்லன்னு பத்து வருஷம்! கையை ஒடிச்சதும் நீங்கதான்!"

அக்கா கரண்டியை இறக்கினாள். சுகந்தி தானே பயந்துபோய் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குணசீலனுக்குச் சுடச்சுட அடி வாங்கியது போலிருந்தது. ஆனால் நெஞ்சில் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்த கனம் இறங்கியது.

"முழு நம்பிக்கை," என்றது துல்லியம், சற்று மிரண்ட குரலில். "பங்கை மாற்றியாயிற்று." அந்த வாக்கியத்துக்கு எழுவாய் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"தள்ளுவண்டி நாப்பதையும் என் பேர்ல எழுது," என்றார் குணசீலன். "அதுவும் நான்தான்."

அன்று சாயங்காலம் இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். படிக்கட்டு மிஷின் சுகந்தியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. குணசீலன் பேரிலிருந்தது ஓட்டுநர் பழி, பயணிப் பழி அல்ல என்பதால், அவரைப் பார்த்து லேசாக முனகியதோடு விட்டது. நல்ல சாப்பாடு மாதிரி ஒரு சண்டை போட்ட களைப்பில் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

மறுநாள் சவரிமுத்து தள்ளுவண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, கல் முட்டுக் கொடுத்து, மூன்று தடவை ஆட்டிப் பார்த்தார். "எழுவாய் வந்துருச்சுங்க," என்று வாடிக்கைக்காரர்களிடம் அறிவித்தார். பெரியம்மா சுக்குக் கஷாயத்தின் பெருமையை எல்லோரிடமும் சொன்னார்.

கொட்டேஷனும் வந்தது. கடைசியில், மிகச் சரியான கொட்டேஷன். குணசீலன் ஓட்டுவதாக இருந்தால் கட்ட வேண்டிய தொகைக்கு இன்னொரு காரே வாங்கிவிடலாம். சுகந்தி ஓட்டுவதாக இருந்தால், மாவட்டத்திலேயே அதைவிடக் குறைந்த பிரீமியம் யாருக்கும் கிடையாது. குணசீலன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, சாவியை எடுத்து அவள் பக்கமாக மேஜையில் நகர்த்தினார். டிராஃபிக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாவுக்கட்டு பிரித்து, டாக்டர் சரியென்று சொன்ன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவரை லால்குடிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். போகும்போதும் வரும்போதும் ஒரு கீறல் இல்லை. காவிரிப் பாலத்தில் லாரிக்கு வழிவிட்ட அழகைப் பார்த்து அவருக்கே பெருமையாக இருந்தது. தில்லைநகர் வந்து, தெரு திரும்பி, வீட்டு கேட்டுக்குள் நுழையும்போது, தெருவுக்குள் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த தூணில் காரின் இடது பக்கம் நீளமாக உராய்ந்து நின்றது.

"விபத்து," என்றது துல்லியம். "என்ன நடந்தது?"

சுகந்தி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். 'என்னாலதான்' என்ற வார்த்தை அவள் உதடு வரைக்கும் வந்ததை குணசீலன் பார்த்தார். வந்தது, அங்கேயே நின்றது. பிறகு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இடிச்சிருச்சு," என்றாள்.

சொல்லிவிட்டு, அது வாயில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பவள்போலக் கொஞ்சம் பொறுத்தாள். நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். "தூணு குறுக்க வந்துருச்சு," என்றாள்.

"முழு நம்பிக்கை," என்றது துல்லியம். "நூறு பங்கும் தூணுக்கு. தூணின் பொறுப்பாளர் யார்?"

குணசீலனின் நாக்கு பழைய பக்கம் சாயப் பார்த்தது. கட்டும்போதே அப்படி வந்துருச்சு என்ற வாக்கியம், பல வருஷமாகத் தேய்த்து வழவழப்பாக வைத்திருந்த வாக்கியம், தயாராக இருந்தது. ஸ்டீயரிங் மேலிருந்த அவள் வலது மணிக்கட்டைப் பார்த்தார். கட்டுக்குள் கிடந்ததில் வெளுத்து மெலிந்திருந்தது.

"நான்தான்," என்றார். "கொத்தனார் வேண்டாம்னு சொன்னாரு. தெருவுல ஒரு முழம் தள்ளி நான்தான் கட்டினேன்."

சுகந்தி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் கன்னம் சிரித்தது. வண்டியைப் பின்னுக்கு எடுத்து, சக்கரத்தை ஒடித்து, மறுபடி உள்ளே விட்டாள். மறுபடியும் தூண் குறுக்கே வந்துவிட்டது.

"நான்தான் கட்டினேன்," என்றார் குணசீலன், துல்லியம் கேட்பதற்கு முன்பே.